அம்மா சேர்த்த நானூற்றுப் பன்னிரண்டு பேர்

அத்தியாயம் 9

திலக்ஷன் ஐந்து பத்துக்கு எழும்பினான். பல் துலக்கினான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். தேயிலையைக் கரண்டியால் அளந்து போட்டான். மூன்று நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். வடித்தான், குடித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். முதல் நாள் மடித்து வைத்த நீலச் சட்டையைப் போட்டான். ஆறு ஐம்பதுக்குக் கண்டி மஹியாவ வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினான்.

மனைவி துஷ்யந்தி போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

இன்று வியாழக்கிழமை.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது செல்லச்சாமி சீருடைத் தையலகம். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு திலக்ஷனும் தங்கை நிரஞ்சனியும் நடத்துகிறார்கள். எட்டு மெஷின், எட்டுப் பெண்கள். பழைய வாடிக்கையான ஹோட்டல் ஒன்று தன் சீருடைகளைக் கொழும்பில் தைக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து மெஷின்கள் உறை போட்டுக் கிடக்கின்றன. மாத முடிவுக்குள் புதிய ஓடர் வராவிட்டால் ஐந்து பெண்களை வீட்டுக்கு அனுப்பவேண்டும். அதை யார் போய்ச் சொல்வது என்று அண்ணனும் தங்கையும் இரண்டு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

மலைநாட்டில் ஆறு ஹோட்டல்கள் நடத்தும் ஒரு குழுமத்தின் கொள்முதல் மேலாளர். பெயர் றஞ்சனா. வியாழன் பதினொரு மணிக்குத் தையலகத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

"நீங்கள் எழுதினதுகளை வாசிச்சுப்போட்டுத்தான் வாறன்," என்றாள்.

திலக்ஷன் யாருக்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை. நிரஞ்சனி ஏதாவது அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. அவன் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை.

ஒன்பது மணிக்கு மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் துணி கட்டிய பாத்திரம். பாத்திரத்தை வெட்டு மேசையில் வைத்துவிட்டு நேரே வந்து திலக்ஷனைக் கட்டிப்பிடித்தார்.

"கடைசில மொகத்தப் பார்த்தாச்சு தம்பி. போட்டோவவிட மெலிஞ்சி போய் ஈக்கிறீங்க."

"நீங்க யாருன்னு..."

"வெளையாடாதீங்க. திகன ஹுதைபா. கையுறை, பூட்ஸ், ஹெல்மட். பல்லேகல பெக்டரிக்கு என்னைய அறிமுகம் செஞ்சி வெச்ச ஆளே இப்படிக் கேக்கலாமா? முந்நூறு சோடி பூட்ஸ் போயிட்டு. வீட்ல வட்டிலப்பம் செஞ்சி தந்தீக்காங்க. ஒங்கட உம்மாக்குச் சீனி வருத்தம் இல்லன்னு எழுதினீங்க, தாராளமா சாப்பிடச் செல்லுங்க."

திலக்ஷன் தங்கையைப் பார்த்தான். நிரஞ்சனி சுவரைப் பார்த்தாள்.

"நான் எதுல எழுதினேன்?"

"லிங்க்ட்இன்லதான். வேற எதுல?" ஹுதைபா தன் கைப்பேசியைத் திறந்து நீட்டினார்.

திலக்ஷனின் பெயர். திலக்ஷனின் படம். கல்யாணப் படத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். படத்தின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டு தெரிந்தது. அதைப் பார்த்த நேரம் அவன் மற்ற எதையும் வாசிக்கவில்லை.

பிறகு வாசித்தான்.

'அன்புள்ள ஹுதைபா நானா அவர்களுக்கு, தங்கள் மடல் கிடைத்தது. தங்கள் தாயாருக்குச் சீனி குறைந்தது அறிந்து மகிழ்ச்சி. மேற்படி தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி என் தொடர்பில் உள்ளார். நல்ல குடும்பம். மனைவி ஆசிரியை. தங்களைப் பற்றி அவருக்கு எழுதியுள்ளேன். இத்தால் தங்களுக்கும் அறியத்தருகிறேன்.'

மீன்காரனிடமே 'மேற்படி மீன்' என்று பேசுகிற ஒரே ஒருவரைத்தான் திலக்ஷனுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் மாநகர சபையில் முறைப்பாட்டுப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற இரத்தினம்மா. அவனுடைய அம்மா.

அவன் அழைத்தபோது அம்மா ஏற்கெனவே ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். வந்ததும் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். மகன் முகத்தைப் பார்த்ததும் விஷயம் வெளியில் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"நிரஞ்சனிக்கு மாப்புள பாக்கத்தான் ஆரம்பிச்சேன்," என்றாள்.

"எனக்கா?" நிரஞ்சனி கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்தாள். "நான் கேட்டேனா?"

"கேட்டுட்டா பாப்பாங்க? புரோக்கர் கொண்டாற பேப்பர்ல என்னா இருக்கு, நட்சத்திரமும் உயரமும். இதுல பாரு. எந்த ஸ்கூலு, என்ன படிப்பு, எங்கெங்க வேல செஞ்சான், எத்தன மாசத்துல விட்டுட்டு ஓடுனான், எல்லாத்தையும் அவனே எழுதி வச்சிருக்கான். யாரு யாருக்கு அவனத் தெரியும்னும் போட்டிருக்கு. அவங்ககிட்ட விசாரிச்சா முடிஞ்சிது."

"அதுக்கு ஏன் என் பேரு?" என்றான் திலக்ஷன்.

"பொம்பளப் புள்ள பேருல ஆம்பளைங்களுக்கு எழுதுனா நல்லாவா இருக்கும்? அண்ணன் விசாரிக்கிறதுதானே மொற. நிரஞ்சனி உனக்குப் பக்கம் தொறந்து குடுத்தா. நீ எட்டிக்கூடப் பாக்கல. சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்துக்கிட்டேன்."

"கடவுச்சொல்?"

"ஒன் பொறந்த தேதி. நான் பெத்த தேதி எனக்குத் தெரியாதா?"

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எடுத்த ஒடனே குடும்பத்தப் பத்திக் கேட்டா சந்தேகப்படுவாங்கல்ல," அம்மா தொடர்ந்தாள். "அதனால முதல்ல சீருடை வேணுமான்னு கேட்டேன். அப்பறம் அவங்களுக்கும் ஏதாவது ஒண்ணு தேவைப்படுது. மடவளையில ஒருத்தர் அட்டப் பெட்டி செய்யுறாரு, வாங்க ஆள் இல்ல. பேராதனையில ஒருத்தர் பெட்டிக்கு அலையுறாரு. நடுவுல நான் இருக்கேன். சேத்து வுடாம எப்பிடி இருக்கிறது? ஆபீஸ்ல இருக்கையில இதத்தானே செஞ்சேன். தண்ணிக் கொழாய்க்கு வந்தவனுக்கு வாடகை வீடும் பாத்துக் குடுத்தேன்."

"மாப்பிள்ளை?"

"அது ஒண்ணும் அமையல. ஆனா நானூத்திப் பன்னெண்டு பேரு சேந்துட்டாங்க."

இவ்வளவு நேரமும் ஹுதைபா வட்டிலப்பப் பாத்திரத்தின் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் பேசிட்டு ஈந்தது..."

இரத்தினம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மன்னிச்சிக்கிங்க தம்பி. ஒங்களவிட எனக்குப் பத்து வயசு கூட. அண்ணன் மாதிரி நானான்னு எழுதிப்புட்டேன்."

ஹுதைபா அவளைப் பார்த்தார். திலக்ஷனைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் வீட்ல செல்லி ஈக்கேன் ராத்தா, இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு அடக்கமான பொடியன் ஈக்கானான்னு."

நேரம் பத்து பத்து. திலக்ஷன் கையை நீட்டினான். அம்மா கைப்பேசியைக் கொடுத்தாள்.

"றஞ்சனா எங்க?"

"மேல இருக்கு. நல்ல புள்ள. யாழ்ப்பாணம். இங்க விடுதியில தனியா இருக்கா."

நாற்பது நாள் மடல்கள். முதல் மூன்றும் துணி, தையல், சாயம். மூன்றாவதில் ஒரு வாக்குறுதி: 'ஒவ்வொரு ஊழியரையும் நானே நேரில் வந்து அளவெடுப்பேன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் மனிதர்களை அடைப்பது எமக்கு வழக்கமில்லை.' பத்தாவதுக்குப் பிறகு துணி குறைந்தது. விடுதிச் சாப்பாடு வந்தது. றஞ்சனாவின் அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை வந்தது. ஓரிடத்தில் அவள், உங்கள் மனைவி என்ன செய்கிறா என்று கேட்டிருந்தாள்.

பதில் இருந்தது.

'அவர் காலமாகி இரண்டு வருடங்கள். வீட்டில் நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் அம்மா அழுவார் என்று நினைக்கிறேன். மனைவி இருந்தபோது நான் ஒரு நாளும் தேநீர் ஊற்றியதில்லை. இப்போது நானே ஊற்றுகிறேன். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுகிறேன். சரியாக வருவதில்லை.'

திலக்ஷன் அதை இரண்டு தடவை வாசித்தான். ஐந்து பத்துக்கு வீட்டில் யாரும் விழித்திருப்பதில்லை என்று இதுவரை நினைத்திருந்தான்.

"நீதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே," என்றாள் அம்மா, அவனைப் பாராமல். "நானா நெனச்சி எழுதிக்கிட்டேன்."

கீழே வாகனம் வந்து நின்றது. பத்து ஐம்பது.

நிரஞ்சனி அண்ணனின் கையைப் பிடித்தாள். "அண்ணே, இப்ப ஒண்ணும் சொல்லிறாத. ஓடர் முடியட்டும். அப்பறம் ஒரு நாள் சொல்லிக்கலாம். அஞ்சு பேருண்ணே."

அவன் உறை போட்ட ஐந்து மெஷின்களைப் பார்த்தான்.

றஞ்சனாவுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை. கழுத்தில் சொந்தமாக ஓர் அளவு நாடா. படியேறி வந்த வேகத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

"நீங்கள்தானே திலக்ஷன். படத்தில சிரிச்ச முகமா இருந்தது."

"அது பழைய படம்."

"ஓம், எழுதியிருந்தனீங்கள்தானே." அவள் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். "நேர விஷயத்துக்கு வாறன். மூண்டு இடத்தில விலை கேட்டனாங்கள். உங்களைப் பார்க்க வந்ததுக்கு ஒரே காரணம், ஒவ்வொரு ஆளையும் நேர வந்து அளவெடுப்பன் எண்டு நீங்கள் எழுதினது. மற்ற ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை."

நிரஞ்சனி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோரம் ஒரு செஃப் கோட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

திலக்ஷன் கைப்பேசியை வெட்டு மேசையில் வைத்தான்.

"ஒண்ணு சொல்லணும். இதுல இருக்கிற எதையும் நான் எழுதல்ல."

"பின்ன ஆர்?"

"எங்கம்மா."

ஓடிக்கொண்டிருந்த மூன்று மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"முழுக்கவோ?"

"முழுக்க."

"எங்கட அம்மாவின்ர கண் ஒப்பரேசனைப் பற்றி நான் எழுதினது?"

"அம்மாதான் வாசிச்சாங்க."

"விடுதியில சோறு விறைச்சுப்போய்க் கிடக்கும் எண்டது?"

"அதையும்."

அவள் முகம் சிவந்தது. கோப்பை மூடினாள். "நான் ஒரு ஆளோட கதைக்கிறன் எண்டு நினைச்சு எழுதினனான். நாளைக்கு எங்கட தலைமையகத்தில கேட்டா என்ன சொல்லுறது? வேற பேரில கதைச்ச கொம்பனிக்கு என்னெண்டு ஓடர் குடுக்கிறது?"

நிரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"குடுக்க வேணாம்," என்றான் திலக்ஷன். "தையல் மட்டும் நாங்க தச்சது. வந்ததுக்கு அதைப் பாத்துட்டுப் போங்க."

றஞ்சனா எழுந்தாள். கழுத்திலிருந்த நாடாவை எடுத்தாள்.

அவள் எதையும் வெளிப்பக்கமாகப் பார்க்கவில்லை. செஃப் கோட்டை வாங்கி உள்பக்கம் புரட்டினாள். அக்குள் தையலை நகத்தால் கீறினாள். ஒரு பட்டனைப் பிடித்துத் தன் பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். பட்டன் வரவில்லை. இரண்டு கைகளின் நீளத்தையும் அளந்தாள். கொலரைக் கசக்கி, விட்டு, நிமிர்கிறதா என்று பார்த்தாள்.

"இதை ஆர் தைச்சது?"

மூலையில் இருந்த ஒரு பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள்.

"நல்லாத் தைச்சிருக்கிறியள்," என்றாள் றஞ்சனா.

அதற்குமேல் இரத்தினம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அம்மாவுக்குக் கட்டு அவுத்தாச்சா புள்ள?"

றஞ்சனா திரும்பவில்லை. கோட்டை மடித்தபடியே சொன்னாள்: "திங்கக்கிழமை அவிழ்த்தாச்சு."

"கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. அவிழ்த்த உடன என்ர முகத்தைப் பார்த்து, இதென்ன பிள்ளை இப்பிடி மெலிஞ்சுபோனாய் எண்டு தொடங்கிட்டா."

"மெலிஞ்சிதான் இருக்க. நான் போன மாசமே எழுதுனேன், அந்த விடுதிய மாத்துன்னு."

றஞ்சனா கோட்டை வைத்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு முதலில் நிரஞ்சனிக்குத் தொற்றியது, அடுத்து மூலைப் பெண்ணுக்கு, அடுத்து வேறு வழியில்லாமல் எல்லோருக்கும். யாரோ தட்டுகளை எடுத்து வந்தார்கள். ஹுதைபா பாத்திரத்தின் துணியை அவிழ்த்தார். வெல்லமும் ஏலமும் மணத்தன.

வட்டிலப்பத் தட்டோடு றஞ்சனா மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒண்டு கேக்கிறன். கொம்பனி பேரில ஒரு வாக்குக் குடுத்தால் ஆர் எழுதினாலும் அது கொம்பனியின்ர வாக்கு. ஒவ்வொரு ஆளையும் நேர வந்து அளவெடுப்பியளோ?"

"எடுப்போம்," என்றான் திலக்ஷன்.

"தோட்டக்காரர், பாத்திரம் கழுவுற ஆக்கள், எல்லாரையும்?"

"எல்லாரையும்."

"தலைமையகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதுவன். அவை வேண்டாம் எண்டால் எனக்குச் செய்ய ஒண்டும் இல்லை. ஆனால் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டினம் எண்டுதான் நினைக்கிறன். முதல் ஒரு ஹோட்டல். அறுபத்துநாலு பேர். அது சரியா வந்தால் மற்ற அஞ்சையும் பார்ப்பம்."

நிரஞ்சனி எழுந்து போய் ஒரு மெஷினின் உறையைக் கழற்றினாள். ஏன் அதை இப்போது செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்ததையும் கழற்றினாள்.

"சமையக்கட்டுல தரை வழுக்கி ரெண்டு பேரு விழுந்துட்டாங்கன்னு எழுதுனியே புள்ள," என்றாள் இரத்தினம்மா. "வழுக்காத சப்பாத்து வேணும்னு."

"ஓம். இன்னும் கிடைக்கேல்லை."

"நான் சொன்ன திகனக்காரர் இவருதான்."

ஹுதைபா கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நாலு நிமிடத்தில் சப்பாத்தின் அடித்தட்டு, அளவு, மாதிரி கொண்டுவரும் நாள் எல்லாம் பேசி முடிந்தது. இரத்தினம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," நிரஞ்சனி குனிந்து மெல்லச் சொன்னாள். "நாம ரெண்டு பேரும் இங்க எதுக்கு இருக்கோம்?"

திலக்ஷன் சிரித்தான். ஓவர்லொக் மெஷினில் இருந்த பெண் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, அவளையும் பார்க்கச் சொன்னாள்.

பன்னிரண்டரைக்கு அவன் றஞ்சனாவை வழியனுப்பக் கீழே இறங்கினான். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"தேத்தண்ணி சரியா வாறேல்லை எண்டு எழுதியிருந்தது. அது உண்மையோ?"

"உண்மைதான்," என்றான் அவன். "ஆனா நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அவள் தலையசைத்தாள். மிச்சப் படிகளை இறங்கினாள். வாகனத்தில் ஏறினாள். கதவை மூடப் போனவள், மூடாமல் ஏதோ சொன்னாள். பிறகு வாகனம் கண்டிப் பக்கமாகத் திரும்பிப் போயிற்று.

மேலே வந்தவனை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"கடைசியா என்னா சொன்னா?" என்றாள் அம்மா.

"போய்ட்டு வாறன்னாங்க."

"அதுக்கு அவ்வளவு நேரம் வாய் அசையாதே," என்றாள் நிரஞ்சனி. அவள் ஜன்னலில் நின்று பார்த்திருந்தாள். "அளவெடுக்க நாள் சொல்லியிருப்பாங்க. என்னைக்கின்னு கேட்டியா?"

"வட்டிலப்பத்தப் பத்தித்தான் செல்லி ஈப்பாங்க," என்றார் ஹுதைபா.

அம்மாவுக்கு இதில் எதுவும் போதவில்லை. பிற்பகலில் திருகோணமலையில் இருக்கும் தன் தங்கையோடு பேசும்போது, அடுத்த முறை திலக்ஷன் அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அந்தப் பெண் தன் வாயால் சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னாள். ஆறு மணிக்குள் மஹியாவயில் நாலு வீடுகளுக்கு அந்தச் செய்தி போய்விட்டது. திலக்ஷன் மறுக்கவில்லை. தன் கைப்பேசியில் லிங்க்ட்இன்னைப் புதிதாக இறக்கிக்கொண்டான். அம்மாவின் பெயரில் அவளுக்கென்று ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். தன் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டான். படத்தை மாற்றவில்லை. றஞ்சனாவின் பெயருக்குக் கீழே மடல் எழுதும் வெற்றுக் கட்டத்தைத் திறந்தான். பார்த்துக்கொண்டிருந்தான்.

வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"இனி எழுதினால் கீழ பேரைப் போடுங்கோ, திலக்ஷன். ஆர் எழுதினது எண்டு எனக்குத் தெரியவேணும்."